பெட்டைக்குட்டிக்கு நாலு மாசம் ஆச்சா?

தைப்பொங்கலன்று பிறந்த ஒரு பெட்டைப் பூனைக்குட்டி ஆடிப்பெருக்குக்குள் தாயாகிவிட முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலரை மாதத்தில், வைகாசி நடுவில், அது முதல்முறை பருவத்துக்கு வருகிறது. தெருவில் திரியும் கடுவன் ஒன்று மதிலேறி உள்ளே வருகிறது. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 64 நாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பீரோவுக்கு அடியில் மூன்று குட்டிகள் கிடக்கும். தாய்க்கே அப்போது ஏழு மாதம் நிறைந்திருக்காது. பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்த சூட்டோடு அது பிள்ளை பெற்றுவிடுகிறது.

எல்லாக் குட்டிக்கும் இப்படி நடக்கும் என்பதில்லை. ஏழு, எட்டு மாதம்வரை பருவத்துக்கு வராத குட்டிகளும் உண்டு. பெர்ஷியன் வகை இன்னும் தாமதமாகும். ஆனால் உங்கள் வீட்டுக் குட்டி எந்த ரகம் என்பது அது கத்தத் தொடங்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

கருத்தடை ஆபரேஷனை எப்போது வைத்துக்கொள்வது என்று கேட்டால் நம் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். ஆறு மாசம் ஆகட்டும் என்பார்கள். ஒருமுறை ஹீட் வந்து போகட்டும் என்பார்கள். ‘ஒரு ஈத்து போட்டாத்தான் அதுக்கும் மனசு நிறையும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அந்த அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஈத்து போட்டால் பூனையின் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. மாறாக, ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் அது விலை கொடுக்கிறது.

மார்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பூனைக்கு வரும் மார்புக் கட்டிகளில் நூற்றுக்கு 85-க்கு மேல் புற்றுநோய்தான். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு இந்த ஆபத்து 91 சதவீதம் குறைகிறது. ஒரு வயதுக்குள் என்றால் 86 சதவீதம். இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் கிட்டத்தட்ட எந்தப் பலனும் இல்லை. சீக்கிரம் செய்வதன் லாபம் முழுவதும் முதல் ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடுகிறது. 2016-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் கூடிப் பேசி, ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று பரிந்துரைத்தார்கள்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனை பருவத்துக்கு வருவதைப் பகல் வெளிச்சம்தான் தீர்மானிக்கிறது. பகல் நீளும் மாதங்களில் பருவம் வரும், சுருங்கும் மாதங்களில் ஓயும். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அங்கே பூனைக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம். சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் குறைவு. போதாததற்கு வீட்டில் இரவு பதினோரு மணிவரை டியூப்லைட் எரிகிறது. நம் பூனைக்கு மார்கழியும் ஒன்றுதான், சித்திரையும் ஒன்றுதான். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பருவம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் என் பெரிய கவலை தொடங்குகிறது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட வீட்டில் ஒருநாள் ராத்திரி குட்டி கத்த ஆரம்பிக்கிறது. தரையில் உருளும், முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கும், வாலை ஒரு பக்கமாக ஒதுக்கும், கதவிடுக்கில் மூக்கை வைத்து அடித்தொண்டையில் ஓலமிடும். முதல்முறை பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்று பதறிப்போவார்கள். இது ஒரு வாரம் நீடிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். மறுநாள் ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், ‘ஹீட்ல இருக்கு, ரத்தக்குழாயெல்லாம் புடைச்சிருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க’ என்று பல மருத்துவர்கள் திருப்பி அனுப்புவார்கள். அந்த இரண்டு வாரத்தைத் தாண்ட, ‘ஒரு ஊசி போட்டா அடங்கிடும்’ என்று யாராவது சொல்வார்கள்.

தயவுசெய்து அந்த ஊசிக்குத் தலையாட்டாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன். பெண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் கருத்தடை ஊசியில் இருக்கும் அதே ஹார்மோன் மருந்து. பூனைக்குப் போட்டால் கத்தல் நிற்கும், வீட்டில் நிம்மதி திரும்பும், ஆபரேஷன் நினைவு மறந்தும்போகும். உள்ளே நடப்பது வேறு. கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் வரலாம். மார்புப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

இளம் பூனைகளுக்கு வருகிற இன்னொரு கோளாறு கண்ணால் பார்க்கவே கொடுமையானது. பூனைக்கு எட்டு மார்புகள். ஊசி போட்ட சில வாரங்களில் அவை எல்லாமோ சிலவோ வீங்கத் தொடங்கும். எலுமிச்சம்பழ அளவில் ஆரம்பித்து, வயிறு தரையில் உரசுமளவுக்குப் பெருக்கும். தோல் சிவந்து பளபளக்கும், இழுபட்டு வெடித்துப் புண்ணாகும். குட்டி நடக்க முடியாமல் ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கும். வீங்கிய அடிவயிற்றைக் கிழிக்க முடியாது என்பதால், கருப்பையை எடுக்க வேண்டி வந்தால் மருத்துவர் விலாப்பக்கம் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். இது புற்றுநோய் இல்லை, சரியாகவும் செய்யலாம். ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்து உடம்பில் மாதக்கணக்கில் தங்கி வேலை செய்துகொண்டே இருக்கும். மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

நான்காவது மாதத்திலேயே ஆபரேஷன் முடிந்திருந்தால் இந்த ஊசிப் பேச்சே எழுந்திருக்காது.

அவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்ற பயம் நியாயமானது. ஒரு கிலோ எடையைத் தொட்ட ஆரோக்கியமான குட்டிக்கு, எட்டு வாரத்திலேயே இந்த ஆபரேஷன் பல நாட்டுக் காப்பகங்களில் நெடுங்காலமாக நடக்கிறது. நாலு மாதக் குட்டி அதைவிட நன்றாகவே தேறியிருக்கும். வயிற்றில் கொழுப்பு குறைவு, ரத்தப்போக்கு குறைவு, மயக்கமும் சீக்கிரம் தெளியும். கவனிக்க வேண்டியவை வேறு. பெரிய பூனையைப்போல ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். சில மணி நேரம் போதும், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். உடம்புச் சூடு சட்டென்று குறையும் என்பதால் கூடையில் ஒரு பழைய துண்டு அவசியம். கண் திறந்தபடியே மயங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பூனைக்கு மயக்க மருந்து கொடுத்தால் கண் மூடாது, அதற்குத்தான் கண்ணில் களிம்பு போடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையின் உயிரை எடுத்துவிடும்.

ஆறு மாதம்வரை காத்திருந்தால் குட்டி இன்னும் உறுதியாக இருக்கும் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எடை குறைந்த குட்டிக்கும், நோயில் விழுந்து எழுந்த குட்டிக்கும் அது பொருந்தும். ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும் என்பதும் உண்மை. சாப்பாட்டை அளந்து வைத்தால் சமாளிக்கலாம்.

தடுப்பூசி அட்டையைக் கையில் எடுங்கள். முதல் ஊசி எட்டு வாரத்தில், கடைசி ஊசி பதினாறாவது வாரத்தில். அதற்கு இரண்டு வாரம் கழித்து வருவது பதினெட்டாவது வாரம். கடைசித் தடுப்பூசி போடும் அன்றைக்கே ஆபரேஷனுக்கும் தேதி வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள். குட்டி ஆணா பெண்ணா என்பதையும் அன்றே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடுவன் என்று நம்பிப் பெயர் வைத்த எத்தனையோ பூனைகள் வீடுகளில் குட்டி போட்டிருக்கின்றன.