சிறை முகாமில் முளைத்த சந்தை

விலை ஏறினால் வியாபாரி மேல் பழி. இறங்கினால் நல்ல மழை பெய்தது என்பார்கள். இடையில் நிற்பவர்கள் இல்லாவிட்டால் எல்லாம் மலிந்துவிடும் என்று மேடைக்கு மேடை கேட்டு நமக்கும் பழகிவிட்டது. வியாபாரியே இல்லாத ஓர் இடத்தில் நடந்ததை அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர் ராட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் ராணுவத்தினர். பொருளாதாரம் படித்தவர். முகாமில் கண்டதை 1945 நவம்பரில் 'எக்கனாமிக்கா' இதழில் எழுதினார்.

செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய பார்சல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: டின் பால், ஜாம், வெண்ணெய், பிஸ்கட், சாக்லேட். கூடவே சிகரெட். ஆனால் நாக்கு ஆளுக்கு ஆள் வேறல்லவா? புகைக்காதவர் சிகரெட்டைக் கொடுத்துச் சாக்லேட் வாங்கினார். இப்படித் தொடங்கிய பண்டமாற்றில், யாரும் உத்தரவு போடாமலே சிகரெட் நாணயமாகிவிட்டது. புகைக்காதவரும் சிகரெட் கணக்கில்தான் விலை சொன்னார். நல்ல சிகரெட்டைப் புகைத்துவிட்டு மட்டமானதைக் கைமாற்றினார்கள். கிழிந்த நோட்டை முதலில் தள்ளிவிடும் நம் வழக்கம்தான்!

ஆரம்பத்தில் விலை இடத்துக்கு இடம் மாறியது. ஒரு பாதிரியார் ஒரு டின் பாலாடைக்கட்டியும் ஐந்து சிகரெட்டுமாக முகாமைச் சுற்றக் கிளம்பி, அவற்றோடு ஒரு முழுப் பார்சலையும் சேர்த்துக்கொண்டு திரும்பினார் என்று ஒரு கதை உலவியதாம். பின்னர் கட்டடந்தோறும் பலகை வைத்தார்கள். பெயர், அறை எண், வேண்டியது, கொடுப்பது ஆகியவற்றை எழுதிப் போட்டதும் விலை வித்தியாசம் சுருங்கியது.

இதில் நம் நாட்டவருக்கும் பங்குண்டு. உருது தெரிந்த ஒருவர் சீக்கியக் கைதிகளிடம் இறைச்சி வாங்கி, அவர்களுக்கு வெண்ணெயும் ஜாமும் விற்றார். லாபம் இருப்பது தெரிந்து பலரும் அந்த வியாபாரத்தில் இறங்கவே, இந்தியர் பகுதி விலையும் மற்ற இடத்து விலையும் நெருங்கி வந்தன. லாபம் பார்த்தவரால்தான் விலை சமமாயிற்று. அப்படியிருந்தும் அங்கேயும் இடைத்தரகருக்கு நல்ல பெயர் இல்லை!

'நியாய விலை'ப் பட்டியல் ஒன்றும் போட்டுப் பார்த்தார்கள். முதலில் எடுபட்டது. சிகரெட் வரத்து மாறியபோது பட்டியல் மட்டும் மாறவில்லை. பலகையில் சரக்கு தேங்கியது, மறைவில் வியாபாரம் நடந்தது. கடைசியில் பட்டியலைக் கைவிட்டார்கள்.

எல்லாம் தானாகச் சீராகிவிடும் என்றும் நாம் சொல்வதற்கில்லை. பார்சல் வரத்து நின்ற கடைசி மாதங்களில் அந்தச் சந்தையும் குலைந்துபோனது. 1945 ஏப்ரல் 12ஆம் தேதி அமெரிக்கப் படை வந்தது. வேண்டியதெல்லாம் தாராளமாகக் கிடைத்தது. சிகரெட்டைக் கொடுத்து ஜாம் வாங்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.