மண்ணீரலில் மறைந்த பகை

நோய் இன்னதென்று தெளிதல், அதன் மூலத்தை ஆராய்தல், அதைத் தணிக்கும் வழி காணுதல் என்னும் வரிசையை வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்துள்ளார். மூலம் கண்ணுக்குப் புலப்படாத நோய்களில் இவ்வரிசை இரண்டாம் படியிலேயே தடைப்பட்டு நின்றது. அத்தடையை நீக்கிய கருவியே நுண்ணோக்கியாகும்.

அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லை ஒளி ஊடுருவும் அளவிற்கு மெல்லிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் நோக்கினால், தொல்கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகளைக் காணலாம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கல்லுக்குள் கடலைக் காட்டும் அதே கருவி, மனித உயிரணுவுக்குள் ஒளிந்திருந்த ஒட்டுண்ணியைச் சென்னையில் காட்டிய வரலாற்றை இங்குக் காண்போம்.

காலா-அசார் எனப்படும் கருங்காய்ச்சலில் சுரம் நீடிக்கும், மண்ணீரல் வீங்கும், உடல் மெலியும். இதனை முற்றிய மலேரியா என்று கருதிப் பலர் கொய்னா கொடுத்தனர்; நோய் தணியவில்லை. கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் நோயுற்று இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்பொருள்களைப் பற்றி வில்லியம் லீஷ்மன் 1903 மே மாதத்தில் எழுதினார். அவற்றைச் சிதைந்த டிரிப்பனோசோம்கள் என அவர் கருதினார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் அதே ஆண்டில் இறந்தோரின் மண்ணீரலிலும், பின்னர் உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த சாற்றிலும் அவற்றையே கண்டார். ஆகவே அவை இறப்பிற்குப் பின் நேரும் சிதைவல்ல என்பது தெளிவாயிற்று. ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனவனி' என அவ்வொட்டுண்ணிக்குப் பெயரிட்டார்.

அது தாக்கும் முறை வியப்பிற்குரியது. மணல் ஈ கடிக்கும்போது சாட்டை போன்ற இழையுடன் உடலுள் புகும் ஒட்டுண்ணியை, நோயை அழிக்க வேண்டிய விழுங்கணுவே விழுங்குகிறது. உள்ளே சென்றதும் அது இழையைக் குறுக்கிக்கொண்டு, 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள உருண்டை வடிவம் பெற்றுப் பெருகுகிறது. முடிவில் விழுங்கணு வெடிக்கிறது. காவலனின் இல்லத்திலேயே கள்வன் குடியேறுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

டோனவன் கண்டது சாயமேற்றிய அசையாப் படம். இன்றோ உயிருள்ள விலங்கின் தோலுக்குள்ளேயே இந்நிகழ்வைக் காண இயலுகிறது. 2008இல் வெளியான ஆய்வில், ஒளிரும் நிறமூட்டப்பட்ட லீஷ்மேனியா இனமொன்றைச் சுமந்த மணல் ஈக்களைக் கொண்டு எலிகளைக் கடிக்கச் செய்தனர். கடிவாயில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் விரைந்து திரண்டு ஒட்டுண்ணிகளை விழுங்கியதும், அவற்றுள் பல ஒட்டுண்ணிகள் அழியாது பிழைத்ததும் புலனாயின. நோயைத் தடுக்க வரும் அணுக்களே நோய் நிலைபெறத் துணையாவதை இப்படங்கள் உணர்த்தின.

மூலம் தெரிந்தபின் மருந்தும் வந்தது. உபேந்திரநாத் பிரம்மச்சாரி கல்கத்தாவில் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் பல உயிர்களைக் காத்தது. இன்று இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் பீகார் முதலிய நான்கு மாநில அளவில் குறைந்துள்ளது. எனினும் இவ்வரலாறு தரும் பாடம் நம் சிற்றூர்களுக்கும் உரியது. நீடித்த சுரத்திற்குத் தாமே மருந்து வாங்கி உண்ணுவதை விடுத்து, முதலில் குருதிப் பரிசோதனை செய்துகொள்வோமாக. மூலம் அறியாமல் மருந்து தேடுவது இருளில் அம்பெய்வதே ஆகும்.