முந்திரியும் முத்தும்: 320 என்ற எண்ணின் இயல்புகள்

தமிழர் தம் வணிகக் கணக்கில் ஒன்றை 320 சம கூறுகளாகப் பிரித்து, அவற்றுள் ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயரிட்டனர். வாய்ப்பாட்டில் முந்திரியினும் பெரிய பின்னங்கள் இந்த முந்திரியின் முழு மடங்குகளாகவே அமைந்தன. காலில் 80 முந்திரியும், மாகாணியில் 20 முந்திரியும், மாவில் 16 முந்திரியும், காணியில் 4 முந்திரியும் அடங்கும்.

இந்த எண்ணைத் தேர்ந்ததில் ஆழ்ந்த கணித அறிவு தெரிகிறது. இரண்டை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் 64 வரும். அதனை ஐந்தால் பெருக்கினால் 320 வரும். தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றினும் பெரிய எண் முதன்மை எண் எனப்படும்; 320ஐ ஆக்கும் முதன்மை எண்கள் இரண்டும் ஐந்துமே. ஆகவே அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் வரிசையும், ஐந்திலொன்றாகிய நாலுமாவில் தொடங்கி இருமா, மா, அரைமா, காணி என்று இறங்கும் வரிசையும் இந்த ஓரெண்ணில் ஒன்றுகூடுகின்றன. மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பது முந்திரி.

இத்தகைய நுண்பின்னங்களின் தேவையை மன்னார்க் கடலின் முத்து வாணிபம் தெளிவாகக் காட்டுகிறது. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி முதலிய கரையூர்களில் முத்துகளைச் சலித்துத் தரம் பிரித்த பின், மஞ்சாடி என்னும் சிற்றெடையால் நிறுத்தனர். முத்தின் விலை எடையோடு நேராக உயர்வதில்லை. எடையை அதே எடையால் பெருக்கி, அதாவது வர்க்கமாக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து விலையலகைக் கண்டனர். இரண்டு மஞ்சாடி முத்து மூன்று அலகு பெறும். அதைப்போல் இருமடங்கு எடையுள்ள முத்தோ பன்னிரண்டு அலகு பெறும்.

இரண்டேகால் மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்துக்கு இவ்விதியைப் பொருத்தினால், மூன்று முழு அலகும் அறுபத்துநான்கில் 51 பங்கும் கிடைக்கும். 320க்குள் 64 ஐந்து முறை அடங்குவதால், அப்பின்னம் மீதியின்றி 255 முந்திரியாகிறது. அதனை முக்கால், முக்காணி, அரைக்காணி, முந்திரி என்று நான்கு பெயர்களால் துல்லியமாகச் சொல்லிவிடலாம். முந்திரியையே வர்க்கமாக்கினால் வரும் 1,02,400இல் ஒரு பங்குக்கும் கீழ்முந்திரி என்று தனிப்பெயர் உண்டு.

எனினும் இவ்வெண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. மூன்று அதன் காரணியன்று. எனவே மூன்றிலொன்றை முந்திரியாலும் கீழ்முந்திரியாலும் முழுமையாகக் கூற இயலாது. 1905இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் சிப்பியின் மூன்றிலொரு பங்கு குளியாட்களுக்கு உரியதாக இருந்தது. ஆனால் சிப்பிகளை மூன்று குவியலாக்கிப் பகிர்ந்தமையால் அங்கே பின்னம் குறுக்கிடவில்லை. இன்றைய தசம முறையிலும் நிலை இதுவே. பத்தும் இரண்டாலும் ஐந்தாலும் ஆனதால், முந்திரி 0.003125 என்று ஆறு இலக்கங்களில் முடிந்துவிடுகிறது, மூன்றிலொன்றோ 0.333 என முடிவின்றி நீள்கிறது.

முதன்மைக் காரணிகளையும் பின்னங்களையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்கும் மாணவருக்கு, இரண்டையும் இணைத்துக் காட்ட 320 மிகப் பொருத்தமான எண். மன்னார்ப் பள்ளிகளின் கணித ஆசிரியர்கள், தம் கரையின் முத்துக் கணக்கிலிருந்தே அப்பாடத்தைத் தொடங்க வேண்டும்.