மதுரையைப் படம் பிடித்தவர்களும் மீண்டு வந்த மூர்த்திகளும்

நம் இல்லங்களில் பூஜையறைச் சுவரை நிறைத்திருப்பவை தெய்வத் திருவுருவப் படங்கள். கூடத்துச் சுவரில் இருப்பவை முன்னோர் படங்கள். வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச்சரம் சாத்துவது இரண்டுக்கும் பொதுவான வழக்கம். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது வெறும் காகிதம் என்று எந்தக் குடும்பமும் நினைப்பதில்லை. ஆயினும், புகைப்படம் என்னும் கலை நம் ஊருக்கு வந்து ஏறத்தாழ 170 ஆண்டுகளே ஆகின்றன. அது வந்த கதையும், அதனால் நம் ஆலயங்களுக்கு விளைந்த நன்மையும் மூத்த அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை.

1858-இல் வந்த கேமரா

மதுரை மாநகரை முதன்முதலாக விரிவாகப் படம் பிடித்தவர்களுள் தலையாயவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். ஹளேபீடு, பேளூர் ஆலயங்களைத் தம் ஆர்வத்தால் படமெடுத்தார். 1855-இல் பர்மா சென்ற தூதுக்குழுவுடன் போய் அந்நாட்டுப் பகோடாக்களைப் பதிவு செய்தார். மறு ஆண்டு, சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று தொடர்ந்தது அவரது பயணம். 1858-இன் தொடக்க மாதங்களில் அவர் மதுரையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 35.

இன்று நம் பேரன் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒரு நொடியில் முடித்துவிடும் வேலை, அன்று ஒரு வேள்விக்கு ஒப்பானது. டிரைப் பெரும்பாலும் கையாண்டது மெழுகுக் காகித முறை. நல்ல காகிதத்தை உருகிய மெழுகில் தோய்த்து, இரசாயனக் கரைசல்களில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட்டினால் ஒளியை உணரும்படி செய்து, இருட்டிலேயே உலர்த்திப் பாதுகாக்க வேண்டும். ஒரு படம் பதியக் கேமராவின் கண் பல நிமிடங்கள் திறந்தே இருக்க வேண்டும். அத்தனை நேரம் அசையாதிருப்பவை கல்லும் கோபுரமும் மட்டுமே. நடப்பவர்களும், வண்டிகளும், காற்றில் ஆடும் கிளைகளும் பதிவதில்லை. பதிந்தாலும் புகைபோல் கலங்கித் தெரியும். அதனால்தான் டிரைப்பின் மதுரை, மக்கள் நடமாட்டம் அற்ற நகரம்போல் தோன்றுகிறது. வெறுமையாகிப் போன வானத்தில் மேகங்களைத் தூரிகையால் வரைந்து சேர்த்ததும் உண்டு.

இந்தப் பணியை அவர் தனியாகச் செய்யவில்லை. ஐயாசாமி என்னும் நம்மவர் ஒருவர் அவருக்குத் துணையாக இருந்து தொழில் கற்றுத் தேர்ந்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அப்படங்கள் காட்டும் மதுரை

அதே 1858-இல் அம்மதுரைப் படங்கள் நான்கு பகுதிகளாகத் தொகுத்து வெளியிடப்பட்டன. இன்று லண்டனில் உள்ள விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் அவை பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

அவற்றில் புதுமண்டபம் இருக்கிறது. தையல் இயந்திரங்களின் ஓசையும், புத்தகக் கடைகளும், பாத்திரக் கடைகளும் நிறைந்த புதுமண்டபத்தையே அறிந்தவர்கள் நாம். வசந்த உற்சவத்துக்கெனத் திருமலை மன்னர் எழுப்பிய அந்த மண்டபத்தின் தூண் வரிசையும் சிற்பங்களும் டிரைப்பின் படத்தில் தடையின்றித் தெரிகின்றன. அருகே, முற்றுப்பெறாமலே நின்றுவிட்ட ராயகோபுரம் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகால், பின்னாளில் நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து செப்பனிடுவதற்கு முன்பிருந்த சிதைந்த நிலையில் காட்சி தருகிறது. கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூண், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், திருப்பரங்குன்றத்து மலை எல்லாம் உண்டு. 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வருவதற்கு முன், வைகையைக் கடக்க இருந்த தரைப்பாதையும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் ஒரு படம் தனித்து நிற்கிறது. அது அன்னை மீனாட்சியின் ஆலயத்துத் திருவாபரணங்களின் படம். கட்டடங்களையே பெரிதும் எடுத்த ஒருவர், அணிகலன்களை வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார். வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில், அந்தப் படத்தின் அருமை எனக்கு விளங்குகிறது. ஒரு நகையைப் பெற்றுக்கொள்ளும்போது எடை, மாற்று, கல்லின் எண்ணிக்கை, வடிவம் என்று பதிவேட்டில் எழுதுவோம். எத்தனை விளக்கமாக எழுதினாலும், இரண்டு அட்டிகைகளின் வேறுபாட்டைச் சொற்கள் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. ஒரு படம் அதை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

அடுத்துத் தஞ்சை சென்ற டிரைப், பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். கையால் நகல் எழுதினால் ஒரு எழுத்து மாறக்கூடும். கேமரா மாற்றி எழுதாது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால், 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இப்பணியை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். அன்று வீண் செலவு எனப்பட்டதன் மதிப்பை நாம் அறிய நெடுங்காலம் ஆயிற்று.

முகமும் விழாவும்

கல்லை எடுத்தது அக்காலக் கேமரா; இன்றையக் கேமரா மனிதரையும் விழாவையும் எடுக்கிறது. எங்கள் பகுதியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்டுடியோ நடத்திவரும் அன்பர் ஒருவரோடு இதுபற்றி அவ்வப்போது உரையாடுவது உண்டு. கணக்கு தொடங்க வரும் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பாஸ்போர்ட் அளவுப் படங்களில் பாதி அவர் எடுத்தவையாகவே இருக்கும்.

உருவப்படம் எடுப்பதில் கடினமானது முதியவர்களை எடுப்பதுதான் என்பது அவர் கருத்து. கேமராவைக் கண்டதும் அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்து நிற்பார்கள். சஷ்டியப்த பூர்த்தி, சதாபிஷேகம் போன்ற வைபவங்களில், கலச நீர் அபிஷேகம் முடிந்து புதுப்புடவையும் வேட்டியுமாகத் தம்பதி அமரும்போது அவர் அவசரப்பட மாட்டாராம். பேரக்குழந்தை ஒன்று ஓடிவந்து மடியில் ஏறும்வரை காத்திருப்பாராம். அப்போது மலரும் முகமே அந்தக் குடும்பம் என்றும் பார்க்க விரும்பும் முகம் என்கிறார். பெற்றோர் மறைந்த பிறகு, ஏதோ ஒரு கல்யாணக் கூட்டப் படத்தின் மூலையில் நின்ற முகத்தை வெட்டிப் பெரிதாக்கித் தரும்படி பிள்ளைகள் வந்து நிற்பதை அவர் அடிக்கடி காண்கிறார். அறுபது வயதிலேயே ஒரு நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறார்.

விழாக்களில் அவர் சிக்கல் வேறு. திருமாங்கல்ய தாரணத்தை இன்னொரு முறை செய்யச் சொல்ல முடியாது. கும்பாபிஷேகத்தில் கலசத்தின் மேல் புனித நீர் விழும் கணம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும்போது ஆயிரக்கணக்கான கைகள் அலைபேசியுடன் உயர்கின்றன. அவர் மட்டும் திரும்பி நின்று, அழகரைக் காணும் முகங்களை எடுப்பாராம். ஆனால் தீபாராதனை நேரத்தில் அவர் கேமராவைத் தொடுவதில்லை. அதைத் தோளில் தொங்கவிட்டுக் கைகூப்பிவிடுவார். அந்த நேரத்துப் படம் தம்மிடம் ஒன்றுகூட இல்லை என்பதில் அவருக்கு வருத்தமே இல்லை.

தரிசனம் வேறு, பதிவு வேறு

அந்த அன்பர் தாமாக ஏற்ற கட்டுப்பாடு, இன்று எல்லோருக்கும் விதியாகியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின்னர், மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் பக்தர்கள் அலைபேசி கொண்டுசெல்லத் தடை வந்தது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர் ஆலயம் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களில் அலைபேசிப் பயன்பாட்டைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சந்நிதியில் கண்ணுக்கும் இறைவனுக்கும் இடையே ஒரு திரை வரக்கூடாது என்று எண்ணும் மூத்த தலைமுறை இதனை மனமார வரவேற்றது.

எனினும், ‘கோயிலில் கேமராவே கூடாது’ என்று முடிவு கட்டிவிடுவது சரியாகுமா? மூலவர் கருவறை விட்டு அகலாதவர். உற்சவ மூர்த்திகளோ ஐம்பொன் திருமேனிகள். வீதி உலா வருபவர்கள். அதனாலேயே கயவர் கைக்கு எளிதில் அகப்பட்டு, கடல் கடந்து கொண்டுபோகப்பட்டவர்கள். அவர்களை மீட்டுத் தந்தவை பழைய புகைப்படங்களே.

1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகம் முழுவதும் ஆலயம் ஆலயமாகச் சென்று மூர்த்திகளைப் படமெடுத்தது. அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அந்த அன்பர்கள் 1958 ஜூன் மாதம் அனந்தமங்கலம் ஸ்ரீராஜகோபால சுவாமி ஆலயத்துக்குச் சென்று அங்கிருந்த ஸ்ரீராமர், சீதாபிராட்டி, இலக்குவன் திருமேனிகளைப் படமெடுத்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1978-இல், அத்திருமேனிகள் களவு போயின. அவை இங்கிலாந்தில் இருப்பது தெரியவந்தபோது, அனந்தமங்கலத்து மூர்த்திகளே என்று நிறுவ அந்த 1958-ஆம் ஆண்டுப் படங்களே சாட்சி ஆயின. 2020 செப்டம்பரில் அவை இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் சொந்த ஆலயத்துக்கே திரும்பின. பதினான்கு ஆண்டு வனவாசம் முடித்து அயோத்தி திரும்பிய பெருமான், நம் காலத்தில் 42 ஆண்டுகள் கழித்துத் தம் கோயிலுக்கு எழுந்தருளினார்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜப் பெருமான் கதையும் இத்தகையதே. களவாடப்பட்ட அத்திருமேனியை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி நிறுவனத்தின் பழைய படத்தோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரருடன் அவரும் 2014 செப்டம்பரில் தாயகம் திரும்பினார்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பட்டும் மாலையும் அணிந்த அலங்காரக் கோலமே பக்தர் மனத்துக்கு இனியது. ஆனால் அடையாளம் காண உதவுவது, அலங்காரம் களைந்த திருமேனியின் படமே. பீடத்தில் உள்ள துளைகள், ஒரு விரலில் இருக்கும் சிறு ஊனம், திருவாசியின் வளைவு, பீடத்து எழுத்து ஆகியவையே ஒரு மூர்த்தியை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை. அலைபேசி ஏந்திய பக்தர் செய்யும் காரியம் அன்று இது. ஆகம மரபை அறிந்த சிவாச்சாரியாரும் பட்டரும் உடனிருக்க, ஆலய நிர்வாகம் முறைப்படி செய்ய வேண்டியது. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், திருமேனிகள், ஆபரணங்கள் உள்ளிட்டவற்றுக்கு ஒவ்வொரு கோயிலும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தெளிவான படம் ஒன்று இருப்பது, பெட்டகத்துக்கு இன்னொரு பூட்டு இடுவது போன்றது.

நாம் செய்யக்கூடியது

பெரிய ஆலயங்களுக்கு நிர்வாகமும் காவலும் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், சோழவந்தான், திருமங்கலம் வட்டாரங்களில், வயல்வெளிகளுக்கு நடுவே ஒரு கால பூஜை மட்டுமே நடக்கும் சிறிய கோயில்கள் எத்தனையோ. அங்கிருந்த மூர்த்தியின் படம் எந்த நிறுவனத்திலும் இல்லாமல் போகலாம். ஆனால் 1960-களில் நடந்த கும்பாபிஷேகத்தில் உங்கள் தாத்தா பரிவட்டம் கட்டி நின்ற படத்தில், அவருக்குப் பின்னால் அந்த உற்சவர் எழுந்தருளியிருக்கலாம்.

ஆகவே, ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் பரணில் இருக்கும் பழைய ஆல்பங்களை இறக்குங்கள். கோயில், விழா தொடர்பான படங்களைத் தனியே பிரியுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மென்மையான பென்சிலால் ஊர், கோயிலின் பெயர், விழா, ஆண்டு, படத்தில் இருப்பவர் பெயர்களை எழுதுங்கள். பேனா மை ஊறி முன்புறம் தெரியும். ஒட்டும் தாளில் அழுத்தி வைத்த படங்களைப் பிய்த்து எடுக்க வேண்டாம். இருந்தபடியே நகல் எடுக்கச் செய்யுங்கள். ஈரமும் கரையானும் அணுகாத இடத்தில் மூலப்படத்தை வையுங்கள். ஒரு நகலைப் பிள்ளைகளிடமும், ஒரு நகலை அந்தக் கோயில் நிர்வாகத்திடமும் கொடுங்கள்.

இதை நாளை என்று தள்ளிவைக்க வேண்டாம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர்க் கோயில் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது நம் தலைமுறையில்தான் இருக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்கு அது பெயர் தெரியாத கூட்டமும் பெயர் தெரியாத சாமியும் ஆகிவிடும்.

சந்நிதியில் கண்ணால் கண்டு, கைகூப்பி, மனத்தில் நிறுத்துவதே தரிசனம். அந்தத் தரிசனம் நம் பேரன் பேத்திகளுக்கும் அதே ஊரில், அதே மூர்த்தியின் முன் கிடைக்க வேண்டுமானால், எங்கோ ஒரு காகிதத்தில் அவர் திருவுருவம் பதிந்திருக்க வேண்டும். அதைக் காத்து வைப்பதும் ஒரு திருப்பணியே. அங்கயற்கண்ணி அருளால் ஒவ்வொரு மூர்த்தியும் அவரவர் ஆலயத்தில் நிலைபெறட்டும்.