சாக்கடை கலந்த ஆற்றில் மீன் ஏன் சாகிறது?

பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை வழியாகப் பழவேற்காட்டு ஏரியை நோக்கிச் செல்லும் ஆரணியாறு, மழைக்காலம் தவிர்த்துப் பெரும்பாலும் மணலாகவே கிடப்பதால், அதில் விடப்படும் சாக்கடையை நீர்த்துப்போகச் செய்யும் வெள்ளம் அதற்கு இல்லை. சாக்கடையிலுள்ள கரிமப் பொருளை, அதாவது உயிர்களிலிருந்து வந்த மட்கும் கழிவை, உண்ணும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால்தான் மீன்கள் மூச்சுத்திணறி இறக்கின்றன. இந்தியாவில் 27 டிகிரி செல்சியசில் 3 நாள் வைத்து அளக்கப்படும் இந்த ஆக்சிஜன் இழப்புக்கு ‘உயிர்வேதி ஆக்சிஜன் தேவை’ என்று பெயர். இதைத் தவிர்க்கச் சாக்கடையைச் சுத்திகரிப்பதற்கு, வெயிலுக்குக் குறைவில்லாத சிற்றூர்களில் மின்சாரம் அதிகம் கேட்காத நிலைப்படுத்தல் குட்டைகளே ஏற்றவை. அங்கு பாசிகள் ஒளிச்சேர்க்கையில் வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டே பாக்டீரியாக்கள் கழிவை, ஆற்றைச் சேருமுன், சிதைத்துவிடுகின்றன. அடியில் படியும் சேற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் அள்ளவேண்டும்.