முகம் வரையப்படாத மனிதர்கள்

1941இல் வெளிவந்த டிஸ்னியின் ‘டம்போ’ படத்தில், கொட்டும் மழையில் இரவோடு இரவாக சர்க்கஸ் கூடாரம் எழுப்பும் காட்சி ஒன்று உண்டு. யானைகளோடு சேர்ந்து கூலியாட்கள் முளையடிக்கிறார்கள், கயிறு இழுக்கிறார்கள். அத்தனை பேரும் கறுப்பினத்தவர். யானைகளுக்குக் கண் உண்டு, அதில் களைப்பும் தெரிகிறது. இந்த மனிதர்களுக்கோ கண், மூக்கு, வாய் எதுவுமே வரையப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, கையில் வரும் கூலியைத் தொலைத்துவிடுவோம், ஆனாலும் குஷியாக இருக்கிறோம் என்கிற பொருளில் அவர்களே பாடுவதாக ஒரு பாட்டு வேறு. குழந்தைகளுக்கான படம் இது.

ஆனால் இந்தப் படத்தைப் பற்றிய சண்டையெல்லாம் பிற்பகுதியில் வரும் காகங்களைச் சுற்றியே நடந்துவருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. தயாரிப்பின்போது தலைமைக் காகத்துக்கு வைத்த பெயர் ஜிம் க்ரோ. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கும் அதே பெயர்தான். அந்தக் காகத்துக்குக் கறுப்பர் பேச்சுவழக்கில் குரல் கொடுத்த க்ளிஃப் எட்வர்ட்ஸ் ஒரு வெள்ளையர். இருந்தும் காகங்களுக்காக வாதாடுபவர்கள் உண்டு. டிஸ்னியில் பல ஆண்டுகள் பணியாற்றிய கறுப்பின அனிமேஷன் கலைஞர் ஃப்ளாய்ட் நார்மனே அவர்களில் ஒருவர். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஊரே பார்த்துச் சிரித்த யானைக்குட்டி டம்போவுக்கு இரங்கி அதைப் பறக்கவைப்பவை இந்தக் காகங்கள்தான். மற்றக் காகங்களின் குரல்கள் பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்களுடையவை. என் பார்வையில் காகங்களைவிடப் பெரிய குற்றம் அந்தக் கூலியாட்களின் காட்சியே. கேலிச்சித்திரத்திலாவது ஒரு ஆள் இருக்கிறான். இங்கே ஆளே இல்லை, உழைக்கும் கைகள் மட்டும்தான்.

“அந்தக் காலம் அப்படி, இன்றைய கண்ணால் பார்க்கலாமா?” என்று கேட்பார்கள். கேமரா படம் என்றால், ஒன்றிரண்டு விஷயங்கள் தெரியாமல் சட்டகத்துக்குள் வந்து விழுந்திருக்கலாம். அனிமேஷனில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. ஒரு புருவம் உயர வேண்டும் என்றாலும் ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைய வேண்டும். ‘டம்போ’விலேயே முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கக் கிளம்பும் கோமாளிகள் வருகிறார்கள். அந்த ஆண்டு டிஸ்னியில் வேலைநிறுத்தம் செய்த கலைஞர்களைக் கிண்டலடிக்கும் காட்சி அது. சக ஊழியர்களையே அவ்வளவு நுணுக்கமாக நக்கலடிக்கத் தெரிந்த கூடத்துக்கு ஒரு கூலியாளின் முகத்தை வரையத் தெரியாதா? அன்று யாருக்கும் இது உறைக்கவில்லை என்பதும் உண்மையல்ல. 1946இல் தோட்ட அடிமை வாழ்வை இனிமையாகக் காட்டுவதுபோல் தோன்றிய டிஸ்னியின் ‘சாங் ஆஃப் த சவுத்’ வெளியானபோதே கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. கண்டனம் தெரிவித்தது. காலத்தின் மேல் பழிபோடுகிறவர்கள், அந்தக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களும் வாழ்ந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பாகுபாடு கோடுகளில் மட்டுமல்ல, குரலிலும் இருந்தது. அது லேசில் பிடிபடாது. மொழியியலாளர் ரோசினா லிப்பி-கிரீன் 24 டிஸ்னி முழுநீள அனிமேஷன் படங்களில் 371 பாத்திரங்களின் உச்சரிப்பை ஆராய்ந்தார். அமெரிக்க ஆங்கிலம் பேசும் பாத்திரங்களில் கெட்டவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம். பிறமொழிச் சாயலோடு ஆங்கிலம் பேசுபவர்களில் அது ஏறக்குறைய 40 சதவீதம். 1992இல் வந்த ‘அலாவுதீன்’ இதற்குக் கச்சிதமான உதாரணம். கதை அரபு மண்ணில் நடக்கிறது. நாயகனும் நாயகியும் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பிள்ளைகளைப் போலப் பேச, காவலர்களுக்கும் சந்தை வியாபாரிகளுக்கும் மட்டும் அரபுச் சாயல். முகம் பிடிக்காவிட்டால் காதை வெட்டும் ஊர் என்று தொடக்கப் பாட்டிலேயே ஒரு வரி வந்தது. அரபு அமெரிக்கர்கள் எதிர்த்த பிறகு 1993இல் வீடியோவுக்காக அதை மாற்றினார்கள். காட்டுமிராண்டித்தனமான இடம் என்ற சொல் அப்படியே நின்றது. தமிழ் டப்பிங்கில் பார்க்கும் நம் பிள்ளைகளிடம் இந்த உச்சரிப்பு வித்தியாசம் வந்து சேராது. ஆனால் வளைந்த மூக்கும் வளைந்த வாளும் எந்த மொழியிலும் மாறப்போவதில்லை.

குழந்தைகள் இதையெல்லாம் கவனிப்பார்களா என்பது அடுத்த கேள்வி. கவனித்துக் கேள்வி கேட்டால் கவலையில்லை, விளக்கிவிடலாம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதைக் கதை முடியும்வரை காத்திராமல் முகத்தையும் குரலையும் வைத்தே பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள் என்பதுதான் விஷயம். அப்படிக் கண்டுகொள்ளட்டும் என்றுதானே அப்படி வரைகிறார்கள்?

அதற்காகப் பழைய படங்களை வெட்டவோ தடைசெய்யவோ சொல்லவில்லை. 1940இல் வந்த ‘ஃபேண்டேசியா’வில், பாதிப் பெண், பாதிக் குதிரையாக வரும் குதிரைப்பெண்களுக்குக் குளம்பு துடைத்துவிடும் ஒரு கறுப்பினக் குதிரைப்பெண் இருந்தாள். 1960களில் அவளை வெட்டியெடுத்துவிட்டார்கள். அவமானம் போனதோ இல்லையோ, ஆதாரம் போனது. 2020இல் டிஸ்னி பிளஸ் தளம் ‘டம்போ’, ‘பீட்டர் பேன்’ போன்ற படங்களின் தொடக்கத்தில், இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற அறிவிப்பை வைத்தது. இதுவே நேர்மையான வழி. 2025இல் அந்த வாசகத்தையும் மென்மையாக்கிவிட்டார்கள். அறிவிப்பு இருந்தாலும் அதைப் படிக்கிற வயது பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே பெற்றோர்களே, ரிமோட்டைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கூடவே உட்கார்ந்து பாருங்கள்.