பனிமலையும் பட்டப்படிப்பும்

கல்லூரி புகுமுன் ஓராண்டைப் பனிச்சறுக்கு விளையாட்டிற் கழிப்பேன் என்று ஒரு மாணவன் கூறின், பனிமழை காணாத நம்மவர் நகைப்பர், நாமும் நகைத்தோம். ஆயினும் அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்து மிடில்பெரிக் கல்லூரி, புதுமாணவரில் ஒரு பகுதியினரைப் பெப்ரவரியிலேயே சேர்க்கின்றது. இடைப்பட்ட மாதங்கள் அவர்க்கே உரியன. அன்னோர் படிப்பை முடிப்பதும் பெப்ரவரியிலேயே. அந்நாளிற் பட்ட அங்கியுடன் கல்லூரிக்குச் சொந்தமான மலைச்சரிவிற் சறுக்கி இறங்குவர்! டாட்மத் கல்லூரியில் 1972இல் வந்த முறைப்படி, பனிக்காலப் பருவத்தை விடுத்துக் கோடையிற் கற்றலும் இயலும்.

ஓராண்டு பிந்திச் சேர விரும்புவோர் கல்லூரியின் இசைவை எழுத்திற் பெறுதல் வேண்டும். இன்றேல் இடமும் புலமைப்பரிசிலும் கைநழுவலாம். செலவுக்கு வழியற்றோர் மலையடிவாரத்தில் வேலை தேடுவர். ஊழியர்க்குச் சறுக்குமலை அனுமதிச்சீட்டை இலவசமாக வழங்கும் நிலையங்கள் பல.